டிராக் காருக்குப் பெட்ரோல் ஹோஸும் ஃபிட்டிங்கும்: கேள்வி பதில்

செட்டிபாளையம், இருங்காட்டுக்கோட்டை கார் பந்தய டிராக்குகளுக்கு வண்டி தயார் செய்யும் நண்பர்கள் பெட்ரோல் லைன் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே சேர்த்துப் பதில் சொல்கிறேன். இஞ்சினுக்கும் டயருக்கும் தாராளமாகச் செலவழிப்பவர்கள் இந்த இடத்தில் மட்டும் கையை இறுக்குகிறார்கள் என்பது என் நெடுநாள் ஆதங்கம். மைனஸ் 40 டிகிரி குளிரிலேயே பற்றக்கூடிய ஆவியை விடும் திரவம் பெட்ரோல். அதனால் சில இடங்களில் கண்டிப்பாகவே பேசுவேன்.

கே: அண்ணா, எஸ்டீம் எம்.பி.எஃப்.ஐ. வண்டியை டிராக்குக்குத் தயார் செய்கிறேன். கடையில் பெட்ரோல் ஹோஸ் என்று கேட்டால் மூன்று விலையில் மூன்று ஹோஸ் எடுத்துப் போடுகிறார்கள். பார்க்க எல்லாம் ஒன்றுபோல்தான் இருக்கிறது. எதை வாங்குவது?

ப: விலையைப் பார்க்காதீர்கள் தம்பி, ஹோஸின் முதுகில் அச்சாகியிருக்கும் வரியைப் படியுங்கள். எஸ்.ஏ.இ. ஜே30 (பெட்ரோல் ஹோஸுக்கான அமெரிக்கத் தர எண்) என்று போட்டு, பக்கத்தில் ஆர்6, ஆர்7, ஆர்9 என ஏதாவது ஒன்று இருக்கும். ஆர்6, ஆர்7 இரண்டும் கார்புரேட்டர் வண்டிக்கும் ஆவி போகும் லைனுக்கும் உரியவை, 50 பி.எஸ்.ஐ. (பிரஷரை அளக்கும் அலகு) வரைதான் தாங்கும். ஆர்9 உங்களுடையது போன்ற இன்ஜெக்ஷன் வண்டிக்கானது. அதன் தாங்குதிறன் 100 பி.எஸ்.ஐ., உள்சுவர் ஃப்ளோரோ ரப்பர்.

உங்கள் வண்டியில் ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) பிரஷர் சுமார் 3 பார், அதாவது 43 பி.எஸ்.ஐ. "50க்குள்தானே வருகிறது, ஆர்7 போதுமே" என்று கடைக்காரர் சொல்லக்கூடும். போதாது. அந்த 50 புது ஹோஸுக்கான கணக்கு. பானெட்டுக்குள் வெந்து இரண்டு கோடை பார்த்த ரப்பருக்கு அது பொருந்தாது. நாளைக்கு டர்போ போட்டால் நிலைமை இன்னும் மோசம்: ரெகுலேட்டர் ஒவ்வொரு பி.எஸ்.ஐ. பூஸ்டுக்கும் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) ஒரு பி.எஸ்.ஐ. பெட்ரோல் பிரஷரை ஏற்றும். 1 பார் பூஸ்ட் வைத்தால் லைனில் 4 பார் நிற்கும்.

அச்சே இல்லாத ஹோஸை இனாமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

கே: 2004 மாடல் ஹோண்டா சிட்டி. லீக் எங்கேயும் இல்லை, ஆனால் காலையில் ஷெட்டைத் திறந்தால் பெட்ரோல் வாடை. ஈ20 பெட்ரோலால் இருக்குமா?

ப: இருக்கலாம். ஈ20 பெட்ரோல் பங்குகளுக்கு வந்தது 2023 பிப்ரவரியில். அந்த வருடம் ஏப்ரலிலிருந்து வந்த புது வண்டிகளில் ஹோஸ், ஓ-ரிங் எல்லாம் 20 சதவீத எத்தனாலைத் தாங்கும் பொருளில் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. உங்கள் வண்டி அதற்கு வெகு காலம் முந்தியது. நைட்ரைல் ரப்பர் எல்லாம் ஒரே வாரத்தில் கெட்டுவிடும் என்று பயமுறுத்த மாட்டேன். ஆனால் எத்தனால் ரப்பரை ஊறவைக்கும், அதில் கலந்திருக்கும் மென்மையூட்டிகளைக் கரைத்து எடுத்துவிடும். வண்டி சில மாதம் நின்று லைன் காய்ந்தால் ஊறிய ரப்பர் சுருங்கி வெடிக்கும். அதோடு எத்தனால் கலந்த பெட்ரோல் ரப்பர் சுவரின் ஊடாகவே ஆவியாகக் கசியும். சொட்டு இல்லாமல் வாடை மட்டும் வருவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

ஒரு சோதனை சொல்கிறேன். இஞ்சின் ஆறிய பிறகு, பிரஷரை இறக்கிவிட்டு, ஒரு பழைய ஹோஸைக் கழற்றி நீளவாக்கில் பிளேடால் கீறிப் பிளந்து பாருங்கள். நல்ல ஹோஸின் உள்சுவர் வழவழப்பாக இருக்கும். விரலால் தேய்த்தால் எதுவும் ஒட்டாது. கெட்டதில் விரலில் மை மாதிரி கருப்பு ஒட்டும். மடக்கிப் பிடித்தால் உள்பக்கம் மட்டும் மெல்லிய கீறல்கள் வரிசையாக வாய் பிளக்கும், வெளிப்பக்கமோ புதுசு போலவே இருக்கும். வெளியே தடவிப் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று விடுவதில் அர்த்தமில்லை என்று சொல்வது இதனால்தான். அந்தக் கருப்புத் தூள் போய்ச் சேரும் இடம் ஃபில்டரும் இன்ஜெக்டரும்.

மாற்றும்போது டேங்க் கழுத்து ஹோஸ், ஆவி ஹோஸ், இன்ஜெக்டர் ஓ-ரிங் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றுங்கள். ஓ-ரிங் வைட்டான் (ஃப்ளோரோ ரப்பர்) ரகமாக இருக்கட்டும். டேங்கின் ஆவி ஹோஸை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். வாடைக்கு அது முக்கியக் குற்றவாளி.

கே: சார், கோவையில் ஹைட்ராலிக் ஹோஸ் கடைக்கா பஞ்சம்? 200 பார் தாங்கும் ஹோஸை அளவு சொன்னால் பத்தே நிமிடத்தில் கிரிம்ப் செய்து (நுனியில் ஃபிட்டிங்கை நசுக்கிப் பொருத்தி) கொடுக்கிறார்கள். 4 பார் பெட்ரோலுக்கு அது போதாதா?

ப: எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. பிரஷரைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. தடுமாறுவது பொருள் விஷயத்தில். ஜே.சி.பி.க்கும் பிரஸ்ஸுக்கும் போடும் ஹோஸின் உள்குழாய் மினரல் ஆயிலுக்காகச் செய்த நைட்ரைல். பெட்ரோலும் எத்தனாலும் அதற்கு வேறு உலகம். 200 பார் தாங்கும் கம்பி வலைக்குள்ளே உள்குழாய் ஊறி உரிந்து தொங்கும். வெளியே ஒரு அடையாளமும் தெரியாது. கார் உயர் ஆர்.பி.எம்.மில் மட்டும் பெட்ரோல் பற்றாமல் இழுக்கும், நீங்கள் பம்ப்பைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

அதே கடையை வேறு விதத்தில் பயன்படுத்தலாம். டெஃப்லான் உள்குழாயும் ஸ்டீல் வலையும் உள்ள ஹோஸ் பெரும்பாலான கடைகளில் உண்டு, கெமிக்கல் ஆலைகளுக்கும் நீராவிக்கும் போகும். அதில் வெள்ளை உள்குழாய் வேண்டாம், கார்பன் கலந்த கறுப்பு உள்குழாய் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். டெஃப்லான் மின்சாரம் கடத்தாது. பெட்ரோல் வேகமாக உரசி ஓடும்போது சுவரில் நிலைமின்சாரம் சேர்ந்து, வெளியே இருக்கும் ஸ்டீல் வலைக்குச் சுவரைத் துளைத்துக்கொண்டு பாயும். ஊசித் துளை விழும். பெட்ரோலும் பொறியும் ஒரே இடத்தில் சந்திப்பது எப்படிப்பட்டது என்று நான் விளக்க வேண்டியதில்லை. கார்பன் கலந்தால் அந்த மின்சாரம் சேராமல் வழிந்துவிடும்.

அடுத்து, நுனியில் என்ன ஃபிட்டிங் என்பதையும் சொல்ல வேண்டும். நீங்கள் சும்மா இருந்தால் அவர் கைக்கு வருவது பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் குழாய் மரை) அல்லது மெட்ரிக் (மி.மீ. மரை). உங்களுக்கு வேண்டியது ஜே.ஐ.சி., அதாவது 37 டிகிரி கோன் (கூம்பு) உள்ள ரகம்.

கே: அந்த 37 டிகிரி விஷயத்தைக் கொஞ்சம் விளக்குங்கள். ஏ.என். 6, ஏ.என். 8 என்கிறார்களே, அது என்ன கணக்கு? எனக்கு மரை சரியாக ஏறியும் ஒழுகுகிறது.

ப: ஏ.என். எண் என்பது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்குக் கணக்கு. 6 என்றால் 6/16, அதாவது 3/8 அங்குலக் குழாய். 8 என்றால் அரை அங்குலம். அமெரிக்க ராணுவ, கடற்படை விமானங்களுக்காக வந்த அளவு இது. மேலே சொன்ன ஜே.ஐ.சி.க்கும் இதே கோன், இதே மரை அளவு. மரையும் அதற்கேற்ப: 6க்கு 9/16 அங்குலம், அங்குலத்துக்கு 18 மரை, 8க்கு 3/4 அங்குலம், 16 மரை. சாதாரண டிராக் காருக்கு 6 தாராளம். பம்ப் டேங்குக்கு வெளியே இருந்தால், பம்ப்புக்கு உள்ளே போகும் பக்கம் மட்டும் 8 போடுங்கள். பம்ப்பால் தள்ள முடியும், இழுக்கச் சிரமப்படும்.

ஒழுகலுக்கு வருவோம். இந்த ஃபிட்டிங்கில் அடைப்பது மரை இல்லை, உள்ளே இருக்கும் 37 டிகிரி கோன். ஏ.சி., ஃபிரிட்ஜ் வேலையில் போடும் செம்பு ஃபிளேர் 45 டிகிரி. நட்டு ஏறிவிட்டாலும் கோன் ஒரு கோட்டில்தான் தொடும். எம்14 x 1.5 மரையும் நம்மை ஏமாற்றும். அதன் விட்டம் 14 மி.மீ., 9/16 என்பது 14.3 மி.மீ. கையால் ஒன்றிரண்டு சுற்று ஏறி நிற்கும். அங்கே ஸ்பேனர் போட்டு ஏற்றினால் அலுமினியம் மரை சீவிக்கொண்டு போய்விடும். கையாலேயே கடைசி வரை சுழன்று கோன் உட்கார வேண்டும், அப்படி உட்காராத ஃபிட்டிங் உங்கள் ஜோடி இல்லை.

டெஃப்லான் டேப்பை இதில் சுற்றவே கூடாது. அடைப்புக்கு அது உதவாது, நூல் பிய்ந்து இன்ஜெக்டருக்குள் போகும். கோனில் கீறல் இருந்தால் ஃபிட்டிங்கை மாற்றுவதே வழி. பம்ப், ரெகுலேட்டரில் வரும் என்.பி.டி. கூம்பு மரைக்கு மட்டும் பெட்ரோல் தாங்கும் திரவ சீலன்ட் தடவலாம்.

கே: ஆன்லைனில் பிரெய்டட் ஹோஸும் ஃபிட்டிங்கும் தனித்தனியாக வாங்கினேன். எவ்வளவு இறுக்கியும் ஹோஸ் நுனியில் ஈரம்.

ப: ரப்பர் உள்குழாய் ஹோஸுக்கு டெஃப்லான் ஃபிட்டிங்கையோ, டெஃப்லான் ஹோஸுக்கு ரப்பர் ஃபிட்டிங்கையோ போட்டிருப்பீர்கள். வெளியே இரண்டுக்கும் அதே ஸ்டீல் வலை, அதே நீலம் சிவப்பு நட்டு. உள்ளே வேறு. டெஃப்லான் ஃபிட்டிங்கில் சின்னதாக ஒரு பித்தளை அல்லது அலுமினிய வளையம் இருக்கும், ஃபெரூல் என்பார்கள். அது வலைக்கும் வெள்ளை அல்லது கறுப்புக் குழாய்க்கும் நடுவில் புகுந்து உட்கார வேண்டும். ரப்பர் ஃபிட்டிங்கில் அது கிடையாது.

ஜோடி சரியாக இருந்தும் ஒழுகினால், பிரித்துப் பாருங்கள். வெட்டும்போது பிரிந்த ஒரே ஒரு கம்பி இழை ஃபெரூலுக்கு அடியில் மாட்டியிருக்கும். தலைமுடி அளவு இழைதான்; அது போட்ட கோடு வழியாக 3 பார் பெட்ரோல் வேர்த்துக்கொண்டு வரும். வெட்டும் இடத்தில் டேப் இறுகச் சுற்றி, மெல்லிய கட்டிங் டிஸ்க்கால் நேராக வெட்டி, ஊதிச் சுத்தம் செய்து, இழைகளை வெளிப்பக்கம் விரித்த பிறகே ஃபெரூலைத் தள்ளுங்கள். ஒருமுறை இறுக்கிய ஃபெரூலைத் திரும்பப் போடாதீர்கள்.

கே: டேங்குக்குள் பம்ப் மாற்றும்போது பழைய குழாய்க்குப் பதிலாக ஒரு துண்டு ஆர்9 போட்டால் என்ன?

ப: ஆர்9இன் உள்சுவர்தான் பெட்ரோலுக்கானது. வெளிச்சுவர் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கச் செய்ததல்ல. ஊறி உப்பிக் கழன்றுவிடும். டேங்குக்குள் ஆர்10 என்று அச்சிட்ட ஹோஸ் மட்டும். விலை அதிகம், ஆனால் வேண்டியது ஒரு சாண் நீளம்தானே.

கே: பைக் கடையில் கிடைக்கும் கண்ணாடி டியூப் (உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய்)? சிலிகான் வேக்குவம் ஹோஸ்?

ப: இரண்டும் கூடாது. கண்ணாடி டியூப் சூட்டில் இளகி நழுவும், பிறகு கல்லாக இறுகும். சிலிகான் தண்ணீருக்கும் காற்றுக்கும் அருமையான பொருள். பெட்ரோல் பட்டால் உப்பும், ஆவியை அப்படியே வெளியே விடும்.

கே: போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. வைத்திருக்கிறேன். இஞ்சின் மேல் உள்ள ஸ்டீல் குழாய்க்குப் பதில் பிரெய்டட் போட்டால் அழகாக இருக்குமே?

ப: தொடவே தொடாதீர்கள். அது டைரக்ட் இன்ஜெக்ஷன். டேங்கிலிருந்து வரும் பக்கம் சில பார்தான். இஞ்சின் மேல் இருக்கும் பம்ப்பிலிருந்து ரெயிலுக்குப் போகும் ஸ்டீல் குழாயில் 100 பாருக்கு மேல் ஓடும். அங்கே கம்பெனி ஸ்டீல் குழாய் தவிர எதற்கும் இடமில்லை.

கே: நாங்கள் ஃபார்முலா பாரத் போட்டிக்குக் கார் செய்யும் கல்லூரி அணி. சாதாரண ஸ்க்ரூ கிளிப்பை ஏன் ஆய்வில் தள்ளுகிறார்கள்? இறுகத்தானே செய்கிறது?

ப: இறுகுகிறது அம்மா, ஆனால் வெட்டியும் விடுகிறது. அந்தக் கிளிப்பின் பட்டையில் வரிசையாகத் துளைகள் இருக்கும். இறுக்க இறுக்க ரப்பர் அந்தத் துளைக்குள் பிதுங்கி அறுபடும், பட்டையின் ஓரமும் கடிக்கும். ஸ்க்ரூ இருக்கும் இடத்தில் வட்டம் வட்டமாகவும் இருக்காது. பெட்ரோலுக்கான கிளிப்பில் பட்டை துளையின்றி 360 டிகிரியும் சுற்றும், ஓரம் மேல்நோக்கி மடிந்திருக்கும், நட்டு போல்ட்டால் இறுகும். மாணவர் ஃபார்முலா விதிகள் நெடுங்காலமாகக் கேட்டுவருவது இந்த மூன்றையும்தான். ஹோஸ் ஏறும் குழாயின் நுனியில் புடைத்த வளையம் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வழுவழுப்பான குழாயில் எந்தக் கிளிப்பும் நம்பிக்கைக்குரியதல்ல.

கம்பெனி வண்டிகளில் வரும் நைலான் குழாயை வெட்டி, அதன்மேல் ரப்பர் ஹோஸ் ஏற்றிக் கிளிப் போடுவதும் இதே ரகத் தவறு. நைலான் அழுத்தத்தில் மெல்ல ஒடுங்கிக்கொடுக்கும், பிடி தளரும். குவிக் கனெக்டரிலிருந்து (அழுத்தினாலே மாட்டிக்கொள்ளும் கம்பெனி இணைப்பு) ஏ.என்.னுக்கு மாற்றும் அடாப்டர் கிடைக்கிறது. மரையால் பூட்டிக்கொள்ளும் ரகத்தை வாங்குங்கள்.

கே: லைனை எந்த வழியாகக் கொண்டுபோவது? கேபினுக்குள் விட்டால் கல்லடி படாதே.

ப: விடலாம், நிபந்தனையோடு. சர்வதேச கார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதி, பின்னிணைப்பு ஜே, 253ஆம் பிரிவு, கேபினுக்குள் பெட்ரோல் லைனில் இணைப்பே இருக்கக் கூடாது என்கிறது. முன் பின் தடுப்புச் சுவரில் மட்டும் இணைப்பு வரலாம். வளையும் பெட்ரோல் ஹோஸ் 135 டிகிரி சூட்டிலும் 70 பார் வரை வெடிக்காமல் இருக்க வேண்டும் என்பதும் அங்கேயே உண்டு. போட்டிக்குப் போகாதவர்களும் இந்த இரண்டையும் பிடித்துக்கொள்ளலாம்.

கீழே விடுவதென்றால் சைலன்சர் ஒரு பக்கம், பெட்ரோல் மறு பக்கம். 280 டிகிரி வாக்கில் பெட்ரோல் ஆவி பொறியே இல்லாமல் பற்றிக்கொள்ளும். ஓடும் இஞ்சினின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் (புகை வெளியேறும் குழாய்) சூடு அதைவிட மிக அதிகம். ஆகவே எந்த இணைப்பும் மேனிஃபோல்டுக்கோ டர்போவுக்கோ நேர் மேலே வராமல் பாருங்கள். தகடு ஓட்டைகளில் ரப்பர் புஷ் போடுங்கள். ஸ்டீல் வலை ரம்பம் மாதிரி. உரசும் இடத்தில் வயர், பெயின்ட், அலுமினியம் எதையும் அறுக்கும். ரப்பர் வைத்த கிளிப்பால் அங்கங்கே பிடித்துக்கட்டி, இஞ்சின் ஆடும் இடத்தில் மட்டும் கொஞ்சம் தளர்ச்சி கொடுங்கள். நீளமான லைனுக்குச் செம்புக் குழாய் வேண்டாம், அதிர்வில் இறுகி விரிசல் விடும். ஸ்டீல் குழாய் போட்டு, நுனிகளில் மட்டும் ஹோஸ் வைப்பது எனக்குப் பிடித்த முறை.

கே: எல்லாம் போட்டாயிற்று. ஸ்டார்ட் பண்ணும் முன் என்ன செய்ய வேண்டும்?

ப: இஞ்சினைச் சுற்றவிடாமல் பம்ப்பை மட்டும் ஓடவிடுங்கள். பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும், பேட்டரி சார்ஜர் இருக்கக் கூடாது. ஒவ்வொரு இணைப்பிலும் வெள்ளை டிஷ்யூவைச் சுற்றி ஒற்றிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத வேர்வை அதில் தெரியும். சின்ன ஈரம் என்றாலும் பம்ப்பை நிறுத்தி, பிரஷரை இறக்கி, காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு இறுக்குங்கள். அடுத்து வண்டியைச் சூடாக ஓட்டிவந்து ஒரு முறை, முழுதும் ஆறிய மறுநாள் காலை ஒரு முறை. அலுமினியமும் ஸ்டீலும் வேறு வேறு அளவில் விரிவதால், சூட்டில் நிற்கும் இணைப்பு ஆறிய பின் ஒழுகும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு டிராக் நாளுக்கு முன்னும் கையால் ஒரு தடவல், மூக்கால் ஒரு மோப்பம். ரப்பர் உள்குழாய் ஹோஸை மூன்று நான்கு வருடத்தில், பார்க்க நன்றாக இருந்தாலும், மாற்றிவிடுங்கள். டெஃப்லான் அதைவிட நெடுநாள் வரும். ஆனால் ஒருமுறை மடங்கி நெளிந்த டெஃப்லான் ஹோஸை நிமிர்த்திப் போடாமல் குப்பையில் எறியுங்கள்.