பழைய ஸ்ட்ராடோகாஸ்டரின் உள்வேலையை மாற்றினால் அதன் ஒலி கெட்டுவிடுமா?

எழுபதுகளில் ஃபெண்டர் நிறுவனம் செய்த ஸ்ட்ராடோகாஸ்டர் மின்கிட்டார் உங்களிடம் இருக்கிறது, அதன் பிரிட்ஜ் பிக்கப் (தந்திகளின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்களில் பிரிட்ஜை ஒட்டியிருப்பது) காதைக் குத்துகிறது என்று எடுத்துக்கொண்டே எழுதுகிறேன். விற்கும் எண்ணமிருந்தால் எதையும் தொடாதீர்கள். வாசிக்கத்தான் என்றால் தாராளமாக மாற்றலாம். பிங்க் ஃப்ளாய்ட் இசைக்குழுவின் டேவிட் கில்மோர் வாசித்த கறுப்பு ஸ்ட்ராடோகாஸ்டரில் பிக்கப்பும் கழுத்தும் பலமுறை மாறின. ஆயினும் 2019இல் நியூயார்க் ஏலத்தில் அது 39,75,000 டாலருக்குப் போனது. அந்த விலை கில்மோரின் கைக்குத்தான் என்று சண்டைக்கு வருபவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நான் பேசுவது விலையைப் பற்றியல்ல, அத்தனை மாற்றத்துக்குப் பிறகும் அந்த ஒலியை யாரும் குறை சொல்லவில்லை என்பதைப் பற்றி.

என்னுடையது 1976ஆம் ஆண்டுக் கிட்டார். அதன் மூல இணைப்பில் பிரிட்ஜ் பிக்கப்புக்கு டோன் குமிழ் (கூர்மையான ஒலியைத் தணிக்கும் குமிழ்) கிடையாது என்பதால், எந்தப் பிக்கப் ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் சுவிட்சில் நடுப் பிக்கப்பின் டோன் முனையிலிருந்து பக்கத்தில் வெறுமையாக இருந்த முனைக்கு ஒரு துண்டுக் கம்பியைப் பற்றவைத்தேன். வேண்டாமென்றால் ஒரு நிமிடத்தில் எடுத்துவிடலாம். நான் பற்றவைத்ததைப் பார்த்த நண்பர் பழைய ஒலியின் உயிரே போயிற்று என்றார். பார்க்காதவரோ புதுத் தந்திகள் மாட்டியிருக்கிறீர்களா என்று விசாரித்தார். பிக்கப்பையே மாற்றுவதானால் வேறொரு மயக்கமும் உண்டு: அதிகச் சத்தம் தருவது எதுவோ அதுவே நல்லதாகக் கேட்கும். ஆகவே திருகாணியால் பிக்கப்பின் உயரத்தைக் கூட்டிக் குறைத்துச் சத்தத்தைச் சமப்படுத்திய பிறகே தீர்ப்புச் சொல்லுங்கள். இதையெல்லாம் அபசாரம் என்பவர்கள், 1977இல் ஃபெண்டர் ஐந்து நிலைச் சுவிட்சைக் கொண்டுவந்ததே, வாசிப்பவர்கள் மூன்று நிலைச் சுவிட்சை, இரண்டு பிக்கப்புகள் சேர்ந்து ஒலிக்கும்படி, இடையில் நிறுத்திப் பழகிய பிறகுதான் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

எனக்கு ஆறாத கோபம் வேறொன்றின் மேல். கரகரத்த வால்யூம் குமிழைச் சுத்தம் செய்யக் கொடுத்த இடத்தில், பழுதுபார்ப்பவர் என்னைக் கேட்காமலேயே உள்ளிருந்த பொட்டென்ஷியோமீட்டரை (குமிழைத் திருப்பும்போது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பாகம்) கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் பொருத்தியிருந்தார். எறிந்த பழையதன் உறையில் 137 என்று தொடங்கும் எண் இருந்தது. 137 என்பது தயாரித்த சிடிஎஸ் நிறுவனத்தின் குறி, அடுத்த இரண்டு இலக்கங்கள் ஆண்டு, கடைசி இரண்டு வாரம். கிட்டாரின் வயதுக்கு அது ஒரு சாட்சி. கேட்டதற்கு, புதுசு போட்டுக் கொடுத்தும் குறை சொல்கிறீர்களே என்று அலுத்துக்கொண்டார். நீங்கள் யாரிடம் கொடுத்தாலும், கொடுக்கும் முன் உள்ளே படம் எடுத்துவையுங்கள். கழற்றியதெல்லாம் கைக்கு வந்த பிறகே கூலியைக் கொடுங்கள்.