ஒளிரும் சொட்டை வைத்து ஃபுளோரைடு பார்க்கலாமா?

கேள்வி: தருமபுரி மாவட்டத்தில் இருக்கிறோம். குடிக்க, சமைக்க எல்லாம் போர் தண்ணீர்தான். ஒரு சொட்டு விட்டு யுவி டார்ச் அடித்தால், ஃபுளோரைடு உள்ள தண்ணீர் ஒளிரும் என்று ஆன்லைனில் ஒரு கிட் விற்கிறார்கள். வாங்கலாமா? டிடிஎஸ் மீட்டர் கையில் இருக்கிறது.

பதில்: டிடிஎஸ் மீட்டர் இதற்கு உதவாது. தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்றுதான் அது பார்க்கிறது. கரைந்திருப்பது உப்பா, ஃபுளோரைடா என்று அதற்குத் தெரியாது.

ஒளிரும் சென்சார் என்பதே புரட்டு என்று சொல்லிவிட முடியாது. ஃபுளோரைடு, சோடியம் போன்ற குறிப்பிட்ட ஓர் அயனி (மின்னூட்டம் கொண்ட துகள்) வந்து சேர்ந்தால் மட்டும் ஒளிரும் மூலக்கூறுகள் உண்டு. இலங்கையில் பிறந்து பெல்ஃபாஸ்டில் ஆய்வு செய்த பிரசன்ன டி சில்வாவின் இந்த வகைச் சென்சார்கள், ரத்தத்தில் சோடியம் அளக்கும் ஆஸ்பத்திரிக் கருவிகள் வரை போயிருக்கின்றன. ஆனால் அங்கே ஒளியை அளப்பது கருவி. உங்கள் வீட்டில் உங்கள் கண்தான் அளக்க வேண்டும், சிக்கலே அதுதான். ஐஎஸ் 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரப்படி ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் இருக்கலாம், வேறு தண்ணீருக்கு வழியில்லை என்றால் 1.5 வரை. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை டார்ச் வெளிச்சத்தில் யாராலும் சொல்ல முடியாது.

இன்னொன்று. ஃபுளோரைடைத் தண்ணீர் மூலக்கூறுகள் இறுகச் சூழ்ந்துகொள்வதால், அசிட்டோநைட்ரைல் போன்ற கரைப்பானில் பளிச்சென்று ஒளிரும் பல சென்சார்கள் வெறும் தண்ணீரில் சொதப்பும். தண்ணீரில் இரும்பு இருந்தால் ஒளி மங்கவும் கூடும். 'போர் தண்ணீரிலேயே வேலை செய்யுமா? எத்தனை மில்லிகிராமில் ஒளிரத் தொடங்கும்?' என்று விற்பவரிடம் கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

அந்தக் காசுக்கு தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் பிடியுங்கள், கண்ணாடி வேண்டாம். இடையிடையே வீட்டில் பார்க்க, ஜிர்கோனியம் சாயம் சேர்த்து நிற அட்டையோடு ஒப்பிடும் கிட் போதும். அதுவும் தோராயம்தான்.

அளவு கூடுதல் என்று வந்தால் காய்ச்சிக் குடிக்காதீர்கள். தண்ணீர் வற்ற வற்ற ஃபுளோரைடு அடர்த்திதான் ஏறும். ஆர்ஓ குறைக்கும், ஆனால் மாட்டியபின் உள்ளே போகும் தண்ணீர், வெளியே வரும் தண்ணீர் இரண்டையும் சோதியுங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் உங்கள் தெருவுக்கு வருகிறதென்றால், குடிக்கவும் சமைக்கவும் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். போர் தண்ணீர் துவைக்கவும் குளிக்கவும் போகட்டும்.