ரூபன் கேசரோல்: அடி ஊறாமல் இருக்க என்ன செய்யலாம்?

ஐரிஷ் பண்டிகையான செயின்ட் பேட்ரிக் தினம் மார்ச் 17 அன்று வந்துபோனால், அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டுகளில் கார்ன்ட் பீஃப் என்கிற உப்புநீரில் ஊறவைத்த மாட்டிறைச்சி தள்ளுபடிக்கு வந்துவிடும். வாங்கி வைத்தவர்களிடமிருந்து எனக்குக் கடிதங்களும் வந்துவிடும். இந்த முறை பாதிக்கு மேல் ரூபன் சாண்ட்விச்சைப் பற்றியவை. தெரியாதவர்களுக்கு: ரை பிரெட், கார்ன்ட் பீஃப், சார்க்ராட் என்கிற புளிக்கவைத்த முட்டைக்கோஸ், ஸ்விஸ் சீஸ், ரஷ்யன் டிரெஸ்ஸிங் என்கிற சாஸ் ஆகிய ஐந்தும் சேர்ந்து தோசைக்கல் சூட்டில் மொறுமொறுவென்று வந்தால் அதுதான் ரூபன். பத்துப் பேருக்கு ஒவ்வொன்றாகச் சுட்டுக்கொண்டு நிற்க முடியாது என்பதால், அதையே டிரேயில் அடுக்கி ஓவனில் வைக்கிறார்கள்; அதுதான் ரூபன் கேசரோல்.

அக்கா, ரூபன் கேசரோல் செய்தேன். மேலே சீஸ் அழகாகச் சிவந்திருந்தது. கரண்டி போட்டால் அடியில் பிரெட் கூழாகக் கிடந்தது. 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 40 நிமிடம் வைத்தேன். இன்னும் நேரம் வைத்திருக்க வேண்டுமா? (எடிசன் வாசகி)

வேண்டாம்மா. இன்னும் வைத்தால் மேலே கருகும், அடி அப்படியேதான் இருக்கும். கல்லில் சுடும்போது பிரெட்டின் இரண்டு பக்கமும் நேரடியாகச் சூட்டில் படுகிறது. ஈரம் ஆவியாகிப் போக வழி இருக்கிறது. டிரேயில் அந்த வழி கிடையாது. சார்க்ராட்டிலிருந்து இறங்குகிற தண்ணீர் எல்லாம் நேராக அடிக்குத்தான் போகும். ஆகவே அடுக்குவதற்கு முன்பே ஈரத்தைக் குறைத்துவிட வேண்டும்.

9-க்கு 13 அங்குல டிரேக்கு நான் போடும் அளவு இது. ரை பிரெட் எட்டு ஸ்லைஸ், முக்கால் அங்குலத் துண்டுகளாக. கார்ன்ட் பீஃப் ஒரு பவுண்டு, அதாவது 450 கிராம். சார்க்ராட் 400 கிராம் டின் ஒன்று. ஸ்விஸ் சீஸ் 225 கிராம். டிரெஸ்ஸிங் முக்கால் கப், அதற்கு மேல் வேண்டாம்.

முதலில் பிரெட் துண்டுகளை 325 டிகிரி (இங்கே எல்லாம் ஃபாரன்ஹீட்தான்) ஓவனில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் காயவிடுங்கள். நிறம் மாற வேண்டியதில்லை, தொட்டால் ரஸ்க் மாதிரி வறண்டிருந்தால் போதும். அடுத்து சார்க்ராட். வடிகட்டியில் கொட்டி வைத்தால் போதாது. மெல்லிய துணியில் முடிந்து, தேங்காய்ப்பால் எடுப்பதுபோல் முறுக்கிப் பிழியுங்கள். ஒரு டின்னிலிருந்து அரை கப் அளவுக்குச் சாறு வரும். உங்கள் டிரேயின் அடியில் நின்றது அதுதான். பிழிந்ததை விரலால் உதிர்த்தால் இழை இழையாகப் பிரிய வேண்டும்.

அடுக்கும் வரிசையிலும் கவனம் வேண்டும். அடியில் வெண்ணெய் தடவி, காய்ந்த பிரெட்டில் மூன்றில் இரண்டு பங்கு. அதன் மேல் நேரடியாகப் பாதி சீஸ். அது உருகிப் பிரெட்டின் மேல் ஒரு படலமாகப் படிந்து, மேலிருந்து வரும் ஈரத்தை ஓரளவு தடுக்கும். பிறகு கார்ன்ட் பீஃப், சார்க்ராட், ஸ்பூனால் அங்கங்கே டிரெஸ்ஸிங், மீதி சீஸ். கடைசியாக, மிச்சம் இருக்கும் பிரெட்டை இரண்டு டேபிள்ஸ்பூன் உருக்கிய வெண்ணெயில் புரட்டி மேலே தூவுங்கள். 350 டிகிரியில் ஃபாயில் மூடி இருபது நிமிடம், மூடியை எடுத்துவிட்டு இன்னொரு பதினைந்து நிமிடம்.

முட்டையும் பாலும் அடித்து ஊற்றுகிற முறையும் உண்டு. வெட்டினால் துண்டு துண்டாக நிற்கும், பார்க்கவும் லட்சணமாக இருக்கும். ஆனால் அது உப்புப் போட்ட பிரெட் புட்டிங். ரூபனின் மொறுமொறுப்பு வேண்டுமென்றால் அந்தப் பக்கம் போகாதீர்கள். டின் சூப்பை ஊற்றச் சொல்லும் செய்முறைகளைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி கிடையாது. கோழி போட்டால் ருசி வருமா? (டல்லாஸ் வாசகர்)

சாதாரண வேகவைத்த கோழி வேண்டாம், சப்பென்று இருக்கும். கார்ன்ட் பீஃபின் ருசி மாட்டில் மட்டும் இல்லை. கொத்தமல்லி விதை, கடுகு, மிளகு, பிரிஞ்சி இலை, ஆல்ஸ்பைஸ் எல்லாம் போட்ட உப்புநீரில் நாள்கணக்கில் ஊறியதில் இருக்கிறது. டெலி கவுன்டரில், அதாவது பதப்படுத்திய இறைச்சியைச் சீவி விற்கும் இடத்தில், டர்க்கி (வான்கோழி) பாஸ்ட்ராமி கேளுங்கள். மிளகு, கொத்தமல்லி பூசிப் புகையில் போட்டது, நம் நாக்குக்கு உடனே பிடிக்கும். டர்க்கியும், கோல்ஸ்லா என்கிற மயோனைஸ் கலந்த முட்டைக்கோஸ் சாலடும் வைத்துச் செய்கிற சாண்ட்விச்சுக்கு அமெரிக்காவில் ரேச்சல் என்றே தனிப் பெயர் இருக்கிறது, அதனால் நீங்கள் ஏதோ குறைத்துச் செய்வதாக நினைக்க வேண்டாம். ஆனால் கேசரோலில் கோல்ஸ்லா வைக்காதீர்கள். சூட்டில் மயோனைஸ் பிரிந்து தண்ணீர் விடும். சார்க்ராட்டே இருக்கட்டும்.

சைவம் என்றால் பட்டன் காளானைத் தடிமனாக அரிந்து, தண்ணீர் முழுக்க வற்றும்வரை வதக்கி, மேற்சொன்ன மசாலாக்களைப் பொடித்துத் தூவிக்கொள்ளுங்கள். டெம்பே என்கிற புளிக்கவைத்த சோயாக் கட்டியைப் போடுகிறவர்களும் உண்டு.

அக்கா, எங்கட வீட்டில ரின்னில வாற கோர்ன்ட் பீஃப்தான் இருக்குது. அதைப் போட்டுச் செய்யலாமோ? (ஸ்கார்பரோ வாசகி)

செய்யலாம், ஆனால் அது வேறு சாமான். டெலியில் கிடைப்பது பிரிஸ்கெட் என்கிற மாட்டு நெஞ்சுக்கறியை முழுசாக ஊறவைத்து வேகவைத்து, நாருக்குக் குறுக்கே சீவியது. டின்னில் வருவது உதிர்த்து, கொழுப்போடு அழுத்தி அடைத்தது. கட்லெட்டுக்கும் ரோல்ஸுக்கும் அது நன்றாகச் சேரும். அப்படியே கேசரோலில் போட்டால் கொழுப்பு உருகி, இறைச்சி பசை மாதிரி ஆகிவிடும். 340 கிராம் டின்னைத் திறந்து, எண்ணெய் விடாமல் வாணலியில் பரப்பி, ஓரங்கள் முறுகும்வரை கிளறாமல் விடுங்கள். இறங்கிய கொழுப்பை வடித்துவிட்டு, கட்டிகளாகவே எடுத்து வையுங்கள். டிரெஸ்ஸிங்கையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கனடாவில் இருந்துகொண்டு டின்னைத் தேட வேண்டுமா? மான்ட்ரியல் ஸ்மோக்ட் மீட் என்கிற, மசாலா பூசிப் புகையில் போட்ட மாட்டிறைச்சி கிடைத்தால் அதை வாங்குங்கள். ரூபன் என்று கறாராகச் சொல்ல முடியாது, ருசியில் ஒரு குறையும் இருக்காது.

சீஸ் உருகி, எண்ணெய் தனியாக மிதந்தது. ஏன்?

சூடு அதிகம், அல்லது நேரம் அதிகம். சீஸில் உள்ள புரதம் ஓரளவுக்கு மேல் சூடானால் இறுகிக்கொண்டு கொழுப்பை வெளியே தள்ளிவிடும். கட்டியாக வாங்கி நீங்களே துருவுங்கள். பையில் துருவியே வரும் சீஸில் ஒட்டாமல் இருக்க மாவுச்சத்தோ செல்லுலோஸோ தூவியிருப்பார்கள். அது சீராக உருகாது.

அலுவலகத்தில் பாட்லக், ஆளுக்கொரு பண்டம் கொண்டுவர வேண்டும். டீமில் யூதர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். இது அவர்கள் உணவுதானே, எடுத்துப் போனால் சந்தோஷப்படுவார்கள் அல்லவா? (சியாட்டில் வாசகர்)

நல்ல எண்ணம், ஆனால் கேட்டுவிட்டு எடுத்துப் போங்கள். கார்ன்ட் பீஃபும் ரை பிரெட்டும் யூத டெலிகளின் அடையாளம்தான். ஆனால் கோஷர் என்கிற யூத உணவு விதிப்படி இறைச்சியும் பாலும் சேரக் கூடாது. சீஸ் வைத்த ரூபன் அந்த விதிக்கு நேர் எதிர்.

இது பிறந்த கதையிலும் அமெரிக்காவில் இரண்டு கட்சி. நெப்ராஸ்காவின் ஓமஹா நகரில், பிளாக்ஸ்டோன் ஹோட்டலில் சீட்டாட உட்கார்ந்த மளிகைக்காரர் ரூபன் குலகோஃப்ஸ்கி 1920-களில் கேட்டு வாங்கியது என்பது ஒரு கட்சி. நியூயார்க்கில் டெலி நடத்திய ஆர்னால்ட் ரூபனின் 'ரூபன் ஸ்பெஷல்'தான் மூலம் என்பது இன்னொன்று. நான் ஓமஹா பக்கம். 1956-இல் தேசிய அளவிலான சாண்ட்விச் போட்டி ஒன்றில் ஓமஹாவின் ஃபெர்ன் ஸ்னைடர் என்ற பணிப்பெண் ரூபனைக் கொடுத்துப் பரிசு வாங்கினார். பண்டம் நாடு முழுக்கப் பரவியதில் அதற்குப் பங்குண்டு. நியூயார்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கோஷர் பார்க்காத யூதர்கள் ஏராளம். அவர்கள் ரசித்துச் சாப்பிடுவார்கள். பார்ப்பவர் என்றால் நீங்கள் சீஸை மட்டும் எடுத்துவிட்டால் தீராது, உங்கள் பாத்திரமும் ஓவனும்கூடக் கணக்கில் வரும். அவருக்கு கோஷர் முத்திரையோடு சீல் வைத்த எதையாவது வாங்கிப் போவதுதான் மரியாதை.

முந்தின இரவே அடுக்கி ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

வைக்கலாம், மேலே தூவும் பிரெட்டை மட்டும் தனியாக ஒரு டப்பாவில் வையுங்கள். கண்ணாடி டிரேயை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு கொதிக்கும் ஓவனில் தள்ளாதீர்கள், வெடிக்கும். பாட்லக்குக்கு அலுமினியம் டிரேதான் வசதி; மெல்லியதாக இருப்பதால் அடியில் ஒரு பேக்கிங் ஷீட்டை வைத்துத் தூக்குங்கள். மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். மைக்ரோவேவில் சூடாக்கினால் பிரெட் துவண்டுபோகும், ஏர் ஃபிரையர் நல்லது.

அமெரிக்காவிலிருந்து சென்னைக்கே திரும்பி வந்துவிட்டோம். சார்க்ராட் விலை யானை விலை. வீட்டில் போட முடியுமா?

தாராளமாக. ஒரு கிலோ முட்டைக்கோஸுக்கு 20 கிராம் உப்பு, எடை போட்டே எடுங்கள். மெல்லியதாக நறுக்கி, உப்பைப் போட்டுச் சாறு விடும்வரை பிசைந்து, ஜாடியில் அமுக்கி அடைத்து, கோஸ் அந்தச் சாற்றுக்குள் மூழ்கியே இருக்கும்படி மேலே ஒரு கனத்தை வையுங்கள். வினிகர் வேண்டாம், புளிப்பை லாக்டிக் பாக்டீரியாவே கொண்டுவரும். குளிர்நாட்டில் 20 டிகிரி செல்சியஸ் அளவில் மூன்று நான்கு வாரம் விடுவார்கள். சென்னை வெயிலுக்கு அவ்வளவு நாள் விட்டால் கோஸ் குழைந்துவிடும். ஐந்தாம் நாளிலிருந்து ருசி பாருங்கள், புளிப்பு பிடித்ததும் ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள். மேலே வெள்ளையாக மெல்லிய ஏடு படிந்தால் வழித்துவிடலாம். பச்சை, கறுப்பு, ரோஸ் நிறத்தில் பூத்தால் ஜாடியோடு கொட்டிவிடுங்கள். மார்கழி, தை மாதம் போடுவது உத்தமம்.

கணவருக்கு ரத்த அழுத்தம். அவருக்குக் கொடுக்கலாமா?

தட்டு நிறைய வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராம் சோடியத்துக்குள். கார்ன்ட் பீஃப் 85 கிராமிலேயே 800-க்கு மேல் இருக்கிறது, டெலி டர்க்கியும் லேசுப்பட்டதில்லை. பிழிவதற்கு முன் சார்க்ராட்டைக் குழாய்த் தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள், இறைச்சியைப் பாதியாகக் குறைத்துக் காளானைச் சேருங்கள். ஸ்விஸ் சீஸில் மற்ற சீஸ்களைவிட உப்பு குறைவு, அதை மாற்றி பிராசஸ்டு சீஸ் போட்டுவிடாதீர்கள். எவ்வளவு சாப்பிடலாம் என்று அவருடைய டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.