90-ம் 800-ம் ஒன்றல்ல: பழைய ஜெர்மன் ஸ்பூன் முத்திரைகள், கேள்வி பதில்

பழைய ஜெர்மன் ஸ்பூன், முள்கரண்டி, கத்திகளின் பின்பக்க முத்திரை பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

சார், ஸ்பூன் பின்னால் 90 என்று இருக்கிறது. 90 சதவீதம் வெள்ளி என்கிறார் விற்பவர். நம்பலாமா?

நம்பாதீர்கள். அது கிராம் கணக்கு. 12 பெரிய ஸ்பூன், 12 முள்கரண்டி, ஆக 24 உருப்படிகளுக்கு முலாம் பூச 90 கிராம் வெள்ளி செலவாகியிருக்கிறது என்று பொருள். ஒன்றுக்கு நாலு கிராம்கூட வராது. 100, 150 என்று இருந்தாலும் இதே கணக்குதான். எண் கூடினால் பூச்சு தடிமன். முலாம் இல்லாமல் முழுக்க வெள்ளிக் கலவையில் செய்த சாமானுக்கு வேறு எண்கள்: 800, 835, 925. இவை ஆயிரத்துக்கு எத்தனை பங்கு வெள்ளி என்று சொல்பவை. 60 கிராம் எடையுள்ள 800 ஸ்பூன் ஒன்றில் 48 கிராம் வெள்ளி இருக்கும். அப்படி இரண்டு ஸ்பூன் இருந்தாலே உங்கள் 24 உருப்படி செட்டின் மொத்த வெள்ளியைத் தாண்டிவிடும். அதனால் யார் செய்தது என்று தேடும் முன் எண்ணைப் பாருங்கள்.

90-க்குப் பக்கத்தில் 45 என்று இன்னொரு எண்ணும் இருக்கிறதே?

அந்த வகையில் ஒரு டஜனுக்கான வெள்ளி அது. 24-க்கு 90 என்றால் 12-க்கு 45. சின்ன ஸ்பூன்களில் இந்த எண் இன்னும் குறையும்.

பிறை நிலா, கிரீடம், 800. இது எந்தக் கம்பெனி?

கம்பெனி இல்லை, அரசுச் சட்டப்படியான அடையாளம். 1884-ல் சட்டம் வந்தது, 1888 முதல் நடைமுறை. ஜெர்மனியில் செய்த, 800-க்குக் குறையாத வெள்ளிச் சாமானுக்குத்தான் பிறையும் கிரீடமும். செய்தவரின் முத்திரை பக்கத்திலேயே தனியாக இருக்கும், லென்ஸ் வைத்துப் பாருங்கள். உங்களிடம் இருப்பது முலாம் இல்லை, முழு வெள்ளிச் சாமான். வாழ்த்துகள்!

அண்ணா, என் முள்கரண்டியில் யானை இருக்கிறது. இந்தியாவுக்காகச் செய்ததா?

ஆசைதான், ஆனால் இல்லை. சாக்சனி மாநிலத்தில் ஆவே என்ற ஊரின் வெல்னர் கம்பெனி முத்திரை அது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்த ஆலை கிழக்கு ஜெர்மனி அரசிடம் போனது. அந்தக் காலச் சரக்கில் ஏ.பி.எஸ். என்ற எழுத்துகள் வரும். விலங்கு முத்திரைகளில் இன்னும் இரண்டு அடிக்கடி கண்ணில் படும். கரடி என்றால் பெர்ன்டார்ஃப். அது ஆஸ்திரியா, ஆனால் ஜெர்மன் சந்தைகளில் நிறையக் கிடைக்கும். தீக்கோழி என்றால் டபிள்யூ.எம்.எஃப். கம்பெனியின் பழைய முத்திரை. தேய்ந்துபோன கரடியைப் பன்றி என்று வாதாடுபவர்களும் உண்டு, அவர்களோடு நான் மல்லுக்கு நிற்பதில்லை.

டபிள்யூ.எம்.எஃப். என்று மட்டும் இருந்தால் வருடம் கண்டுபிடிக்க முடியுமா?

கச்சிதமாக முடியாது. கைஸ்லிங்கன் ஊர் ஆலையும் எஸ்லிங்கன் கம்பெனி ஒன்றும் 1880-ல் இணைந்து பிறந்த பெயர் அது, ஆகவே அதற்கு முந்தியதாக இருக்காது. கூடவே டி.ஆர்.ஜி.எம். என்று இருந்தால் 1891-க்குப் பிந்தியது, 1945-க்குள் முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். அது அன்றைய ஜெர்மன் அரசின் 'பயன்பாட்டு மாதிரி'ப் பதிவு, சின்ன காப்புரிமை மாதிரி. 'கெஸ். கெஷ்.' என்ற சுருக்கத்தைப் பார்த்து ஆள் பெயர் என்று நினைக்காதீர்கள், 'சட்டப் பாதுகாப்பு பெற்றது' என்பதுதான். க்ரோமார்கன் என்று இருந்தால் அது துருப்பிடிக்காத எஃகு, வெள்ளியே கிடையாது.

கைப்பிடியில் பெரிதாக இரண்டு எழுத்து, அழகாகச் செதுக்கியது. எந்தப் பட்டியலிலும் இல்லை.

இருக்காது. அது வாங்கிய குடும்பத்தின் எழுத்து.

ஸ்பூனில் ஒரு பெயர், கத்தியில் சோலிங்கன், 'ரோஸ்ட்ஃப்ரை'. ஜோடி மாறிவிட்டதா?

பெரும்பாலும் மாறியிருக்காது. கத்தி அலகைச் சோலிங்கன் என்ற ஊரில் வாங்கித் தங்கள் கைப்பிடியில் பொருத்துவது ஜெர்மன் கம்பெனிகளின் வழக்கம். ரோஸ்ட்ஃப்ரை என்றால் துருப்பிடிக்காதது. அது அலகுக்கு மட்டும்தான் பொருந்தும். கைப்பிடி முத்திரையைத் தனியாகத் தேடுங்கள். ஒன்று சொல்கிறேன்: அந்தக் கைப்பிடிகள் உள்ளே கூடு, பசை போன்ற ஒன்றை அடைத்திருப்பார்கள். வெந்நீரில் ஊறவைத்தால் அலகு கழன்று வந்துவிடும்.

ரோஜாப்பூ வேலைப்பாட்டை வைத்துக் கம்பெனி சொல்லலாமா?

ஹில்டஸ்ஹைம் ரோஜாவா? அதைப் பல கம்பெனிகள் செய்தன. முத்திரை இல்லாமல் சொல்ல முடியாது.

அல்பாக்கா என்று பொறித்திருக்கிறது. நம்மூர் 'ஜெர்மன் சில்வர்' பூஜைத் தட்டு மாதிரியா?

அதே குடும்பம். செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த உலோகம். வெள்ளி ஒரு துளிகூட இல்லை. 1823-ல் சாக்சனியில் கைட்னர் என்பவர் 'அர்கென்டான்' என்று இதை விற்க ஆரம்பித்தார். முலாம் பூசிய ஸ்பூன்களுக்கு அடியில் இருப்பதும் பெரும்பாலும் இதுதான்.

ஸ்பூனின் அடிவயிறு மஞ்சளாகத் தெரிகிறது. வாங்கலாமா?

மேசையில் உரசும் இடம் அது, முலாம் முதலில் அங்கேதான் போகும். அப்புறம் முள்கரண்டியின் நுனி. மறுபடி முலாம் போடலாம், ஆனால் நல்ல நிலையில் இருக்கும் இன்னொரு செட் அதைவிட மலிவாகக் கிடைக்க நிறைய வாய்ப்பு உண்டு. பாட்டி வைத்துவிட்டுப் போனது என்றால் மட்டும் செலவு செய்யுங்கள். கறுப்பாக இருந்தால் வேறு விஷயம்; முட்டை, ரப்பர் பேண்டு பட்டால் அப்படித்தான் ஆகும், துடைத்தால் போய்விடும்.