மதுரை ஜங்ஷனில் ஐந்து நிமிஷம்

கேள்வி: கல்யாணமாகி ஒன்பது வருடம். சென்னையில் இருவரும் வேலைக்குப் போகிறோம். பொங்கல் லீவு முழுவதும் தென்காசிப் பக்கம் மாமியார் வீட்டில்தான். பதினைந்து பேருக்குச் சமையல், என் பிள்ளைகளின் நிறம், மார்க் பற்றிப் பேச்சு என்று நொந்துபோய்த் திரும்புகிறேன். இந்த முறையும் பொதிகை எக்ஸ்பிரஸ் ரயிலில் போக, வர டிக்கெட் போட்டாகிவிட்டது. திரும்பும்போது, மதுரையில் தனியாக இருக்கும் என் அம்மா முழங்கால் வலியோடு ஸ்டேஷனுக்கு வந்து ராத்திரிச் சாப்பாடு தருவார். மாமியார் மனம் நோகாமல் எப்படி எல்லை போடுவது?
- வாசகி, சென்னை

பதில்: மாமியார் புராணத்துக்கு நடுவே அம்மாவை ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போய்விட்டீர்கள். அந்த வரிதான் என்னை நிறுத்தியது.

முழங்கால் வலிக்கிற அம்மா தூக்குச்சட்டியோடு பிளாட்பாரத்தில் காத்திருந்து, வண்டி நிற்கும் ஐந்து நிமிஷத்தில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். அதுதான் அவருடைய பொங்கல். நீங்கள் மதுரைக்குப் போகக்கூடாது என்று மாமியார் சொன்னதாகக் கடிதத்தில் எங்கும் இல்லை. நீங்கள் கேட்டதாகவும் இல்லை.

தை முதல் நாள் புகுந்த வீட்டில் பானை வைப்பதும் வந்தவர்களுக்குச் சமைத்துப் போடுவதும் உங்கள் கடமை. அதில் நான் உங்கள் பக்கம் பேசமாட்டேன். ஆனால் பெற்றவளுக்குச் செய்யவேண்டியது தாலி ஏறியதும் தீர்ந்துவிடாது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007ஆம் வருடச் சட்டம்கூட மகனையும் மகளையும் ஒன்றாகத்தான் சேர்த்திருக்கிறது.

போட்ட டிக்கெட்டை ரத்து செய்யாதீர்கள். பண்டிகை நேரத்தில் மறுபடி கிடைக்காது. ஐஆர்சிடிசியில் அந்த முன்பதிவைத் திறந்து, ஏறும் நிலையத்தைத் தென்காசியிலிருந்து மதுரைக்கு மாற்றுங்கள். வண்டி கிளம்ப 24 மணி நேரத்துக்கு முன்பே செய்துவிடுங்கள். மாற்றிய பிறகு அந்த டிக்கெட்டில் தென்காசியில் ஏறும் உரிமை போய்விடும். அதுவும் நல்லதற்கே, "இன்னும் ஒருநாள் இருந்துட்டுப் போங்க" என்ற பேச்சுக்கு இடமிருக்காது. மாட்டுப்பொங்கல் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினால், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக இருட்டி வெகுநேரம் ஆவதற்குள் மதுரை. காணும் பொங்கல் அம்மாவோடு.

அடுத்த வருடம் முதலிலேயே மதுரையிலிருந்து போடுங்கள். முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் காலை 8 மணிக்குத் திறக்கும். ஜனவரி 18 வண்டி என்றால் நவம்பர் 19. ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் வெயிட்டிங் லிஸ்ட்தான்.

மாமியாரிடம் சொல்லவேண்டியவர் உங்கள் கணவர். ஊருக்குக் கிளம்பும் முன்பே போனில் சொல்லட்டும்: "அம்மா, மாட்டுப்பொங்கல் மத்தியானம் மதுரைக்குக் கிளம்புறோம். அங்க அத்தை வீட்ல இருந்துட்டு அப்படியே சென்னைக்கு ரயில்." அவ்வளவுதான். "போகட்டுமாம்மா?" என்று இழுத்தால் காரியம் கெட்டது. போய் இறங்கிய பிறகு சொன்னாலும் கெட்டது, அதற்குள் விருந்தாளிகளுக்கு அழைப்பு போயிருக்கும். "காணும் பொங்கலுக்கு உன் நாத்தனார் வர்றா, நீ இல்லாம எப்படி?" என்பார் மாமியார். நாத்தனார் தன் அம்மாவைப் பார்க்கத்தானே வருகிறாள்? நீங்களும் அதற்குத்தான் போகிறீர்கள். இதையும் கணவரே சொல்லட்டும். பிள்ளைகளின் நிறத்தைப் பேசினால் அந்த இடத்திலேயே நிறுத்தவேண்டியவரும் அவர்தான். தகப்பன் வாய் திறக்காத வீட்டில் மருமகள் பேச்சு எடுபடாது.

உங்கள் அம்மாவும் மறுப்பார். "வேண்டாம்டி, அவங்க ஏதாவது நினைச்சுக்குவாங்க, நான் ஸ்டேஷனுக்கே வந்துடறேன்" என்பார். கேட்காதீர்கள். போன பிறகு அவரை அடுப்படியில் நிறுத்தவும் வேண்டாம். காய்கறி நீங்கள் வாங்குங்கள், சமையல் நீங்களும் கணவரும். முழங்காலுக்கு டாக்டரிடம் கடைசியாக எப்போது காட்டினார் என்று கேளுங்கள். பண்டிகை நாளில் டாக்டர்கள் இருக்கமாட்டார்கள், அதனால் பொங்கல் கழிந்து ஒரு தேதி வாங்கிவையுங்கள். அன்றைக்கு லீவு போட்டுக் கூடப் போகவேண்டியது நீங்கள்.