பகடையை மறைத்து உருட்டியது பற்றி

தம்பி, நீங்கள் கதை சொல்லி நடத்த, நால்வர் ஆளுக்கொரு பாத்திரமாக ஆடி, நடப்பதைப் பகடை உருட்டித் தீர்மானிக்கும் ஆட்டத்தில், தாமிரபரணி வெள்ளத்தில் குறுக்குத்துறைப் பக்கம் நீந்திய உங்கள் மச்சினனின் பாத்திரமான காவல்காரனுக்குப் பகடையில் 4 விழுந்தது, அவன் சாகக்கூடாதென்று நீங்கள் மறைத்து 14 என்றீர்கள், மற்ற மூவரும் கண்டுபிடித்ததில் ஆட்டமே நின்றுவிட்டது என்று எழுதியிருந்தீர்கள்.

சிக்கல் அந்த 4-இல் இல்லை. தோற்றால் சாவு என்று வைத்துக்கொண்டு உருட்டச் சொன்னதில் இருக்கிறது. 20 பக்கப் பகடையில் 12 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும் என்றால் பிழைக்கும் வாய்ப்பு 45 சதவீதம்தான். மீதி 55-ஐ ஏற்க மனசில்லையென்றால் பகடையைக் கையில் எடுக்கவே கூடாது.

இனி உருட்டும் முன்பே சத்தமாகச் சொல்லிவிடுங்கள்: "12-க்குக் கீழே போனால் வெள்ளம் உன்னைக் கல் மண்டபத்தில் மோதும், ஓலையும் வேலும் போகும்." அப்புறம் எல்லார் கண் முன்னும் உருட்டுங்கள். இரக்கம் காட்ட வேண்டிய இடம் உருட்டுவதற்கு முன்னால். எங்கள் ஆச்சி தாயம் ஆடும்போது பேரன் காய் என்று பார்த்து வெட்டாமல் விட்டதே இல்லை, நாங்களும் அவளோடு ஆடத்தான் ஓடுவோம்.

வெற்றிக்கும் இதே நியாயம்தான். நான் நடத்திய ஆட்டத்தில், மூன்று மாதம் யோசித்து உருவாக்கிய என் வில்லன் முதல் சண்டையிலேயே விழப்போனபோது அவனைத் தப்பவிட்டேன். அன்று மேசையில் எல்லார் முகமும் வாடியது இன்னும் மறக்கவில்லை.

சரி, நால்வரிடமும் உண்மையைச் சொல்லி, அந்த வெள்ளத்திலிருந்தே மறுபடி தொடங்குங்கள். 4 விழுந்தது விழுந்ததுதான். காவல்காரன் எந்தக் கரையில் ஒதுங்கினான், கையில் என்ன மிச்சம் என்பதை அவர்களையே கேளுங்கள்.