சின்னச் சமையலறையில் முதலில் மீட்க வேண்டியது மேடையை

‘எங்கள் சமையலறை ரொம்பச் சின்னது. என்னதான் அடுக்கினாலும் இரண்டே நாளில் பழையபடி ஆகிவிடுகிறது. என்ன மாதிரி ஸ்டாண்டு, அலமாரி வாங்கலாம்?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். ஒருவர் நின்றால் இன்னொருவர் நுழைய முடியாத சமையலறையில்தான் நானும் வருடக்கணக்காகச் சமைக்கிறேன். அங்கே ஒரு ஸ்டாண்டு வந்தால், அது நமக்கு இடம் தருவதற்கு முன்னால் தனக்கென்று ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பெரும்பாலும் அது மேடையாகத்தான் இருக்கும்.

அலமாரி போதவில்லை என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் போதாமல் இருப்பது மேடை. நறுக்க இடமில்லை என்று டப்பாவை அடுப்போரம் தள்ளுகிறோம். கழுவிய பாத்திரத்தை அந்த டப்பாவின் மேலேயே கவிழ்க்கிறோம். நறுக்கியதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சிங்க் விளிம்பில் தட்டைச் சாய்த்து வைக்கிறோம். நீங்கள் சொல்லும் ‘இரண்டே நாள்’ இப்படித்தான் வருகிறது. நீங்கள் அடுக்கிய விதத்தில் தப்பில்லை, வேலை செய்ய இடம் விடவில்லை, அவ்வளவுதான்.

அதனால் சிங்க்குக்கும் அடுப்புக்கும் நடுவில் 60 செ.மீ. நீளத்தைக் காலி செய்யுங்கள். வெட்டுப்பலகையும் பக்கத்தில் ஒரு தட்டும் வைக்க அது போதும். சமைக்காத நேரத்தில் அங்கே எண்ணெய் பாட்டில்கூட நிற்கக் கூடாது. அவ்வளவு நீளமே இல்லை என்றால், சிங்க்கின் மேல் குறுக்காக உட்காரும்படி ஒரு பலகை வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். வாங்காதீர்கள் என்று சொன்னதற்கு இது ஒரு விதிவிலக்கு.

சமையலறை வடிவமைப்பாளர்கள் சிங்க், அடுப்பு, ஃபிரிட்ஜ் மூன்றையும் சேர்த்து ஒரு முக்கோணம் போடுவார்கள். மூன்று பக்கமும் சேர்ந்து சுமார் 4 முதல் 8 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. நமக்கு அந்தக் கவலையே கிடையாது, நின்ற இடத்தில் திரும்பினால் எல்லாம் எட்டிவிடும். நம்மைச் சோர வைப்பது நடை இல்லை, ஒன்றை எடுக்க இன்னொன்றை நகர்த்துவது. அடியில் இருக்கும் வாணலி வேண்டும் என்று வையுங்கள். குனிந்து, மேலே இருக்கும் நாலு பாத்திரத்தை இடது கையில் தூக்கிப் பிடித்து, வலது கையால் வாணலியை உருவும்போது மூடி ஒன்று வழுக்கி விழும். அதைப் பிடிக்கப் போனால் மேலே இருப்பது சரியும். வேலை முடிந்ததும் வாணலியைத் திரும்ப அடியில் வைக்க யாருக்குத்தான் மனசு வரும்? அது மேடையிலேயே தங்கிவிடும்.

என் விதி இது: தினமும் எடுப்பதற்கு எதையும் நகர்த்தக் கூடாது. வாரம் ஒருமுறை எடுப்பதற்கு ஒன்றை நகர்த்தலாம். அதைவிட அபூர்வமாக எடுப்பது பரணுக்குப் போகட்டும், அல்லது வீட்டைவிட்டே போகட்டும். இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில் கை எட்டும் உயரம் தினசரிப் பொருளுக்கு. கனமானவை கீழே.

இந்தத் தலைவலி நமக்கு மட்டும் வந்ததல்ல. 1926-ல் ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வடிவமைத்தார். அளவு ஏறக்குறைய 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர். (நம்மில் பலருக்கு அதுவே அரண்மனை.) ரயிலின் உணவுப் பெட்டியில் இருக்கும் குட்டிச் சமையலறையைப் பார்த்துத்தான் அவருக்குப் பல யோசனைகள் வந்தன. சுமார் 10,000 வீடுகளில் அது அமைக்கப்பட்டது. ஒருவருக்கு மேல் நின்று வேலை செய்ய முடியவில்லை என்ற குறையும் எழுந்தது, அது நியாயமான குறைதான். ஆனால் அதில் இரண்டு விஷயங்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒன்று, மாவு, சர்க்கரை மாதிரியானவற்றுக்குக் கைப்பிடி வைத்த சின்ன அலுமினிய டப்பாக்கள். டிராயர் மாதிரி இழுத்து, அப்படியே சாய்த்துக் கொட்டிக்கொள்ளலாம். மூடியைத் திறந்து எங்கே வைப்பது என்ற கேள்வியே வராது. இன்னொன்று, வேலை மேடையிலேயே கழிவுக்கு ஓர் இழுப்பறை, நறுக்கி முடித்ததும் தோலையும் காம்பையும் அதில் தள்ளிவிடலாம். இழுப்பறைக்கு நாம் எங்கே போவது? அலமாரிக் கதவின் மேல்விளிம்பில் ஒரு சின்ன வாளியைத் தொங்கவிட்டால் அதே வேலை நடக்கும்.

மேடையை அதிகம் தின்பது எது என்று பார்த்தால், ஈரப் பாத்திரம் வடிய வைக்கும் கூடைதான். ஃபின்லாந்தில் மாய்யு கெப்ஹார்ட் என்பவர் 1940-களில் இதற்கு ஒரு வழி செய்தார். சிங்க்குக்கு நேர் மேலே அடிப்பலகை இல்லாத அலமாரி, உள்ளே கம்பித் தட்டுகள். கழுவிய தட்டை அங்கே செருகினால் தண்ணீர் நேராக சிங்க்கில் வடியும். காய்ந்த பிறகு எடுத்து வேறெங்கும் அடுக்க வேண்டாம், அதன் இடமே அதுதான். துடைக்கும் வேலை, அடுக்கும் வேலை, கூடை மூன்றும் ஒரே அடியில் ஒழிந்தன. சிங்க்கின் மேல் சுவர் காலியாக இருந்தால் ஒரு கம்பித் தட்டை அங்கே மாட்டுங்கள். சின்னச் சமையலறைக்கு இதைவிட நல்ல யோசனை எனக்குத் தெரிந்து இல்லை.

டப்பா விஷயத்துக்கு வருவோம். ஒரே மாதிரி கண்ணாடி ஜாடிகளை வரிசையாக வைத்த படங்களைப் பார்த்து மயங்காதீர்கள். ஜாடி, பாக்கெட்டைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். ஒரு கிலோ மாவுக்கு ஏறக்குறைய 2 லிட்டர் டப்பா வேண்டும், ஒரு கிலோ சர்க்கரைக்கு ஒன்றேகால் லிட்டர், உப்புக்கு ஒரு லிட்டரே போதும். மாவை ஒன்றரை லிட்டர் ஜாடியில் கொட்டினால் மிச்சம் பாக்கெட்டிலேயே இருக்கும். அதற்கு ஒரு ரப்பர் பேண்டு, அதை வைக்க இன்னோர் இடம். ஜாடியும் இடம் பிடிக்கும், பாக்கெட்டும் இடம் பிடிக்கும். வட்டமானதைவிடச் சதுரம் மேல். ஒரு சதுரத்துக்குள் அடங்கும் வட்டம் அதில் 78.5 சதவீதத்தைத்தான் நிரப்பும், மீதி வெறும் காற்று. கண்ணுக்குத் தெரியும்படி இருந்தால் லேபிள் தேவையில்லை. உள்ளே தெரியாத டப்பா என்றால் பெயரை மூடியில் எழுதாமல் உடம்பில் எழுதுங்கள், மூடிகள் மாறிப்போகும்.

கீழ் அலமாரியின் ஆழம் கிட்டத்தட்ட 60 செ.மீ. இருக்கும். அதன் பின்பாதியில் இருப்பது இல்லாததற்குச் சமம். நீளமான பெட்டி ஒன்றை உள்ளே விட்டு, முன்னால் இழுத்து எடுக்கும்படி வைத்தால் அந்தப் பின்பாதி திரும்பக் கிடைக்கும். மேல் அலமாரியில் பிரச்சினை உயரம். தட்டுக்கு மேலே ஒரு சாண் வெற்றிடம் இருந்தால் நடுவில் ஒரு பலகை போடலாம். மூடிகளையும் அகலத் தட்டுகளையும் படுக்க வைக்காதீர்கள், புத்தகம் மாதிரி நிறுத்தி வையுங்கள்.

பாத்திரங்களைக் குறைப்பதில் எனக்குப் பலன் தந்தது அவற்றின் விட்டத்தைப் பார்த்தது. வெவ்வேறு விட்டத்தில் ஆறு பாத்திரம் இருந்தால் ஆறு மூடி. இரண்டே விட்டத்தில் இருந்தால் இரண்டு மூடி போதும், பாத்திரங்களில் ஆழம் மட்டும் மாறட்டும். ஒன்றுக்குள் ஒன்று உட்காராத பாத்திரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சின்னச் சமையலறைக்கு ஆகாது. ஒரே ஒரு வேலை மட்டும் செய்யும் கருவியும் அப்படித்தான், அந்த வேலை தினமும் வந்தால் ஒழிய.

அடுப்புக்கு நேர் மேலே எதையும் வைக்காதீர்கள். நெருப்பைத் தாண்டிக் கை நீட்டுவது ஆபத்து, அந்தச் சூட்டிலும் ஆவியிலும் மசாலாப் பொடியின் மணம் சீக்கிரம் போய்விடும், எண்ணெயும் கெடும். சிங்க்குக்கு அடியில் ஈரம் இருக்கும், அங்கே சாப்பாட்டுப் பொருள் வேண்டாம். சுத்தம் செய்யும் திரவங்கள் இருக்கலாம், சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதுவும் கூடாது.

வாடகை வீடு, ஆணி அடிக்க முடியாது என்றால் ஒட்டுக் கொக்கிகள் இருக்கின்றன. சமையலறைச் சுவரில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், சோப்புத் தண்ணீரால் துடைத்து நன்றாகக் காயவிட்ட பிறகு ஒட்டுங்கள். ஒட்டிய கையோடு எதையும் மாட்டாமல் மறுநாள் மாட்டுங்கள். கரண்டி, துணி, வடிகட்டி எல்லாம் தாங்கும். கத்தியையும் கனமான வாணலியையும் மட்டும் அதை நம்பித் தொங்கவிடாதீர்கள்.